மீன்காரி கொந்தோராவின் தொண்டை

கொந்தோரா பிறந்தபோது மருத்துவச்சி வழக்கம்போலக் குழந்தையைத் தலைகீழாகப் பிடித்து முதுகில் ஒரு தட்டுத் தட்டினாளாம். குழந்தை போட்ட சத்தத்தில் கை நழுவிவிட்டது. நல்லவேளை, கீழே வைக்கோல் கிடந்தது. "இதுக்கு இனிமே யாரும் தட்ட வேணாம். தட்டாமலே ஊரைக் கூட்டிரும்" என்று சொல்லிவிட்டு மருத்துவச்சி காதைக் குடைந்துகொண்டே போனாள்.

எங்கள் வல்மீராவில் லௌஸ் ஆற்றுப் பாலத்தடியில், கோட்டைப் படிக்கட்டை ஒட்டி அவளுக்கு மீன்கடை. கடை என்றால் ஒரு பலகை, இரண்டு கூடை, அவள் தொண்டை. "விலாங்கு! விலாங்கு! இப்ப வந்தது, புத்தம் புதுசு! பாத்து வாங்கு!" என்று அவள் ஒரு தடவை கூவினால், பக்கத்துக் கடைகளில் பேரம் பேசிக்கொண்டிருந்தவர்கள் எந்த விலையில் நின்றோம் என்பதையே மறந்துவிடுவார்கள்.

அவள் புருஷன் பெய்ரோத் ஆட்டு மந்தைக்காரன். பனி உருகத் தொடங்கினால் ஆற்றைக் கடந்து மலைக்குப் போய்விடுவான்; அடுத்த பனி விழும்போதுதான் இறங்குவான். ஆடுகள்மேல் அவ்வளவு பிரியமா என்று வெளியூர்க்காரர்கள் கேட்பார்கள். உள்ளூர்க்காரர்கள் கேட்க மாட்டார்கள். ஆனால் மலைக்குப் போயும் அவனுக்கு முழு நிம்மதி கிடையாது. பாலத்தின் நடுவில் நின்று, "யோவ் பெய்ரோத்! கம்பளிச் சட்டைய மறந்துட்டுப் போறியே, குளிர்ல சாகவா?" என்று ஒரு வருஷம் அவள் கத்தினாள். அந்தக் கோடை முழுக்க, எந்தக் குடிசைக்குப் போனாலும் அவனிடம் சட்டையைப் பற்றித்தான் விசாரித்தார்கள்.

கோட்டையில் அவள் குரலைப் பிடிக்காதவர் ஒருவர் உண்டு. ராஜாவின் தம்பி ஆர்னோ பிரபு. அவருடைய படுக்கையறை ஜன்னல் மீன்கடைக்கு நேர் மேலே. பிரபுவுக்குக் காலைத் தூக்கம் ரொம்ப முக்கியம். நகர சபையில் சொல்லி, மத்தியான மணி அடிக்கும்வரை கொந்தோரா சந்தையில் வாய் திறக்கக் கூடாது என்று தீர்ப்பு வாங்கினார். மீறியதற்காகக் கழுத்தில் ஒரு பலகையை மாட்டி, அதில் நாக்கை நீட்டிய முகம் ஒன்றை வரைந்து, சந்தை நடுவில் உட்கார வைத்தார்கள். போகிற வருகிறவர்களிடம், "நாக்கை நல்லா வரைஞ்சிருக்கான், மூக்குதான் சரியில்ல" என்று அவள் மெதுவாகச் சொன்னாள். அந்த மெதுவான பேச்சு பாலத்தின் மறுமுனைவரை கேட்டது.

அந்தக் குளிர்காலத்தில் ராஜா வேட்டைக்குப் போய் நனைந்து, காய்ச்சல் கண்டு இறந்துபோனார். ஆண்பிள்ளை கிடையாது. ஒரே பெண், தலேசா. சின்ன வயதிலேயே கன்னியர் மடத்தில் விட்டிருந்தார்கள். சாப்பாட்டு வேளையில் பேசக் கூடாத மடம். உப்பு வேண்டுமென்றால்கூட விரலால்தான் சைகை காட்ட வேண்டும். பதினேழு வயதில் அந்தப் பெண்ணை அங்கிருந்து அழைத்துவந்து, கறுப்பு உடை உடுத்தி, "நீதாம்மா ராணி" என்றார்கள். அதற்கு அவள் ஏதோ பதில் சொன்னாள். என்ன சொன்னாள் என்று யாருக்கும் கேட்கவில்லை.

சிக்கல் அங்கேதான். எங்கள் ராஜ்யத்தில் கிரீடம் வைத்தால் மட்டும் போதாது. புதிதாகப் பட்டத்துக்கு வருகிறவர் கோட்டைப் பக்கத்துக் கரையில் நின்று மூன்று சத்தியங்களை உரக்கச் சொல்ல வேண்டும். மந்தைக்காரர்கள் எதிர்க்கரையில் நிற்பார்கள். ஒவ்வொரு சத்தியத்துக்கும் அவர்களுடைய மூப்பர் கோலைத் தூக்கி, "கேட்டது" என்றால்தான் உண்டு. கேட்கவில்லை என்று மூன்று தடவை குரல் வந்துவிட்டால், பட்டம் அடுத்த உறவுக்குப் போகும். அடுத்த உறவு ஆர்னோ பிரபு.

பிரபு ரொம்ப அக்கறையாக நாள் குறித்தார். பனி முழுக்க உருகி, லௌஸ் ஆறு பாறைகளை உருட்டிக்கொண்டு இரைகிற வாரம். "பாவம், குழந்தை. முடியலேன்னா பரவாயில்ல. என் மகன் ஓதேயைக் கட்டிக்கிட்டு அவ பாட்டுக்கு இருக்கட்டும்" என்று எல்லோரிடமும் சொல்லிவந்தார். எங்கள் ராஜ்யத்தில் சித்தப்பா மகனும் மாப்பிள்ளைதான்.

ஒரு நாள் ராணியின் தோழி சௌரினா கோட்டைப் படியில் இறங்கி மீன்கடைக்கு வந்தாள். அவளைக் கண்டதும் கொந்தோரா கூடையைத் தூக்கித் தலையில் கவிழ்த்துக்கொண்டாள்.

"கொந்தோரா, ஒன்னைத்தான் தேடி வந்தேன்."

"கொந்தோரா மலைக்குப் போயிட்டா" என்றது கூடை.

"கூடைய எடுடி. மேல வரச் சொல்றாங்க."

"இன்னிக்கு நான் வாயே தொறக்கல! மணி அடிச்சப்புறம்தான் கூவினேன். பிரபு தூங்கிக்கிட்டே கெடந்தா மத்தியானம் என்ன, சாயங்காலம் என்ன?"

"கத்தினதுக்கு இல்லடி, கத்துறதுக்குக் கூப்பிடுறாங்க."

கொந்தோரா கூடையை எடுத்தாள். மீன் செதில் ஒன்று நெற்றியில் ஒட்டியிருந்தது. "இந்தக் கோட்டைக்காரங்களுக்கு என்னதான் வேணும்?" என்று கேட்டுக்கொண்டே, மிச்சமிருந்த ஒரு விலாங்கையும் கூடையோடு எடுத்துக்கொண்டு புறப்பட்டாள்.

ராணியின் அறையில் பெரிய நாற்காலியில் சின்னதாக ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள். "உக்காருங்க" என்றாள். யாரை மரியாதையாகக் கூப்பிடுகிறாள் என்று கொந்தோரா திரும்பிப் பார்த்தாள். பின்னால் யாரும் இல்லை.

"எனக்குக் கத்த வராது. நீங்க நல்லா கத்துவீங்களாமே" என்றாள் ராணி. அதைக் கேட்கக் கொந்தோரா நாற்காலிப் பக்கம் குனிய வேண்டியிருந்தது.

"அது ஒண்ணும் பெரிய காரியமில்ல மகாராணி. யாரையாவது நெனச்சுக்கிட்டுக் கோவமா சொல்லுங்க. தானா வரும்."

"எனக்கு யார்மேலயும் கோவப்பட முடியாதே."

"ஏன், அதுக்குமா அனுமதி வாங்கணும்?"

ராணி விரல் மடக்கினாள். "சித்தப்பாமேல பட்டா மரியாதைக் குறைவு. பெரிய குரு மேற்றிராணியார்மேல பட்டா பாவம். பிரெஞ்சுத் தூதர்மேல பட்டா சண்டை வரும். ஸ்பெயின் தூதர்மேல பட்டாலும் சண்டைதான், ஆனா இன்னும் பெரிசா வரும்."

"அப்ப என்மேல படுங்க."

"நீங்க எனக்கு ஒண்ணும் செய்யலியே."

கொந்தோரா யோசித்தாள். பிறகு கூடையிலிருந்த விலாங்கை எடுத்து ராணியின் மடியில் போட்டாள். அது இன்னும் நெளிந்துகொண்டிருந்தது. ராணியின் முகம் வெளுத்தது. இரண்டு கையும் தூக்கி, கண்ணை மூடி, "ஐயோ" என்றாள். விலாங்குக்கே கேட்டிருக்காது.

"பாத்தியா?" என்றாள் சௌரினா. "இதான் இதோட கத்தல். இதுக்கு மேல வராது."

அப்புறமும் சில நாள் முயன்றுபார்த்தார்கள். நிலவறையில் போய்க் கத்தினார்கள், தலையணைக்குள் கத்தினார்கள். கொந்தோராவுக்குத்தான் தொண்டை கட்டியது. நடுநடுவே ஆட்கள் வேறு வந்து கதவைத் தட்டினார்கள். சத்தியம் லத்தீனில்தான் சொல்லப்பட வேண்டும் என்று மேற்றிராணியார் வந்தார்; ஊர் மொழியில்தான் என்று புதுச் சமயத்துப் பிரசங்கி வந்தார். அந்தச் சண்டை தீர்ந்து, முன்னால் ஒரு வரி லத்தீனை மேற்றிராணியாரே சொல்லிக்கொள்வதென்று முடிவானது. பிறகு மாப்பிள்ளைகளின் படங்கள் வந்தன. ஒருவனுக்கு ஒன்பது வயது. படத்தோடு விழுந்த பால்பல் ஒன்றையும் பட்டுத்துணியில் சுற்றி அனுப்பியிருந்தான். இன்னொருவர் மூன்று மனைவிகளைப் புதைத்தவர், மூட்டுவாதக்காரர். படத்தில் கால்களை வரையவே விடவில்லை.

"இதுல யாரை மகாராணிக்குப் பிடிச்சிருக்கு?" என்றாள் கொந்தோரா.

"பல்லுக்காரன் பரவாயில்ல. வளர நாளாகும்."

கொந்தோரா சிரித்த சிரிப்பில் முற்றத்துப் புறாக்கள் பறந்தன. ராணியும் சிரித்தாள் என்று தோள் குலுங்கியதை வைத்துத் தெரிந்துகொண்டார்கள்.

கடைசியில் வழி சொன்னது சௌரினாதான். ஸ்பெயின் ராஜா பரிசாக அனுப்பிய பாவாடை ஒன்று பெட்டியில் கிடந்தது. உள்ளே வளையம் வளையமாகக் கட்டி, கூடாரம்போல விரிந்து நிற்கிற பாவாடை. அதை உடுத்தினால் ராணி கதவு வழியாகப் பக்கவாட்டில்தான் நுழைய முடியும். "உள்ள ஒரு ஆள் குந்தலாம்" என்றாள் சௌரினா. ராணி உதட்டை அசைப்பது, கொந்தோரா உள்ளிருந்து முழங்குவது. ராணி குதிகாலால் ஒரு தட்டுத் தட்டினால் பேசு. இரண்டு தட்டினால் வாயை மூடு.

"பாவாடைக்குள்ளயா? என்னையா?" என்றாள் கொந்தோரா. "என் வீட்டுக்காரன் கேட்டா சிரிச்சே செத்துருவான்."

ஒத்திகையில் வேறு தொல்லை. பிறந்ததிலிருந்து மீனைச் சேர்க்காமல் அவள் ஒரு வாக்கியத்தையும் உரக்கச் சொன்னதில்லை. "வல்மீராவின் மேய்ச்சல் நிலத்தில் வேலி போட விடமாட்டேன், புத்தம் புதுசு!" என்பாள். "ஏழைகளின் உப்புக்கு வரி போடமாட்டேன், பாத்து வாங்கு!" என்பாள். சௌரினா தலையில் அடித்துக்கொண்டாள். மூன்றாவது சத்தியம், "என் வாயால் நானே ஆள்வேன், பிறர் வாயால் ஆளமாட்டேன்" என்பது. அது வரும்போதெல்லாம் ராணி ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருப்பாள்.

அந்த நாள் வந்தது. ஆறு நுரை கக்கிக்கொண்டு ஓடியது. எதிர்க்கரை முழுக்கக் கம்பளிப் போர்வைகள். அவர்களுக்கு முன்னால் கோலும் கையுமாக மூப்பர் கிலேம். மூப்பருக்குக் காது போய் வெகுநாளாகியிருந்தது. இது மந்தைக்காரர்கள் எல்லோருக்கும் தெரியும், கோட்டைக்குத்தான் தெரியாது. பக்கத்தில் நிற்கிறவன் அவர் போர்வையை இழுத்தால் கோலைத் தூக்குவார். அன்று பக்கத்தில் நின்றவன் பெய்ரோத்.

இந்தக் கரையில் கல் மேடை. மீன் நாற்றம் போகக் கொந்தோராமேல் சௌரினா ஒரு குப்பிப் பன்னீரைக் கொட்டியிருந்தாள். ரோஜாத் தோட்டத்தில் விலாங்கு செத்துக் கிடந்தால் எப்படி இருக்குமோ அப்படி ஆகியிருந்தது. பாவாடைக்குள் இருட்டு, புழுக்கம். கண்ணுக்கு முன்னால் ராணியின் இரண்டு பட்டுச் செருப்புகள். அவை நடுங்கிக்கொண்டிருந்தன. கொந்தோரா கையை நீட்டி ஒரு செருப்பை மெல்லப் பிடித்துக்கொண்டாள். நடுக்கம் கொஞ்சம் குறைந்தது.

மேற்றிராணியார் லத்தீனை முணுமுணுத்து முடித்தார். குதிகால் ஒரு தட்டு.

"வல்மீராவின் மேய்ச்சல் நிலத்தில் வேலி போட விடமாட்டேன்!"

ஆற்றின் இரைச்சலைக் கிழித்துக்கொண்டு போனது குரல். எதிர்க்கரையில் நாய்கள் எழுந்து நின்றன. எல்லாம் சரியாகப் போனது என்று நினைத்த நேரத்தில் நாக்கு தன் வழக்கத்தைக் காட்டிவிட்டது: "இப்ப வந்தது! புத்தம் புதுசு!"

எதிர்க்கரையில் ஒரு கணம் குழப்பம். பிறகு, ஆமாம், புது ராணிதானே, நியாயமாகத்தான் சொல்கிறாள் என்று தோன்றி ஆரவாரம் செய்தார்கள். பெய்ரோத் மட்டும் வாயைப் பிளந்து நின்றான். பக்கத்தில் யாரோ முழங்கையால் இடித்த பிறகுதான் போர்வையை இழுத்தான். கோல் உயர்ந்தது. "கேட்டது!"

மேடையில் நின்றவர்களுக்குச் சத்தம் எங்கிருந்து வருகிறது என்று தெரிந்திருக்காதா? நன்றாகவே தெரிந்தது. மேற்றிராணியார் வானத்தைப் பார்த்தார். இதைக் கவனித்தால் பிறகு இதைப் பற்றி ஏதாவது செய்ய வேண்டியிருக்கும். ஸ்பெயின் தூதர் தன் ராஜா கொடுத்த பாவாடைக்குள் மீன்காரி இருக்கிறாள் என்று எப்படிச் சொல்வார்? பிரெஞ்சுத் தூதருக்கோ, ஸ்பெயின் தூதர் விழிப்பதைப் பார்ப்பதே போதுமாக இருந்தது. கீழ்ப்படியில் வேட்டை நாயோடு நின்ற ஆர்னோ பிரபுவுக்கு மட்டும் விளங்கவில்லை. மடத்துப் பெண்ணுக்கு இந்தத் தொண்டை எங்கிருந்து வந்தது என்று புருவத்தைச் சுருக்கிக்கொண்டிருந்தார்.

அவருக்கு விளங்காதது அவர் நாய்க்கு விளங்கிவிட்டது. மூக்கைத் தூக்கி, பன்னீரைத் தள்ளிவிட்டு மீனைப் பிடித்தது. வாரை உருவிக்கொண்டு மேடைக்கு ஏறியது. பிரபு அதைப் பிடிக்கப் பின்னாலேயே ஏறினார்.

குதிகால் ஒரு தட்டு. "ஏழைகளின் உப்புக்கு வரி போடமாட்டேன்!" என்று கொந்தோரா சொல்லி முடிக்கவும், பாவாடை ஓரம் தூக்கி ஈர மூக்கு ஒன்று அவள் இடுப்பில் குத்தவும் சரியாக இருந்தது.

"போடா திருட்டு நாயே! ஊரான் சோத்தைத் தின்னு தின்னு ஊதிக் கெடக்க, இன்னும் எதுக்குடா இங்க மோந்துக்கிட்டு வர்ற? இன்னொரு அடி வெச்ச, காலை ஒடிச்சுருவேன்!"

நாய் தெறித்து ஓடியது. ராணிக்கு எதிரே, ஒரு காலை எடுத்து வைத்தபடி ஆர்னோ பிரபு நின்றார். அவர் உடம்பும் கொஞ்சம் பெரியதுதான். ராணி அவரைப் பார்த்து உதட்டை அசைத்து முடித்திருந்தாள். எடுத்த காலை வைக்கவா வேண்டாமா என்று தெரியாமல் அவர் அப்படியே நின்றார்.

எதிர்க்கரையிலிருந்து, "இல்லடி! இதோ வந்துட்டேன்!" என்று ஒரு பதில் குரல் கேட்டது. காலை ஒடித்துவிடுவேன் என்ற சொல் காதில் விழுந்தால் பெய்ரோத்தின் வாய் தானாகத் தரும் பதில் அது. மலையிலிருந்து பதில் சொல்லிச் சொல்லி அவன் தொண்டையும் பழகியிருந்தது. பிறகு மந்தைக்காரர்கள் போட்ட சத்தத்தில் ஆறே கேட்கவில்லை. பிரபுவின் ஆட்கள் மேய்ச்சல் நிலத்தில் வேலி போட வந்ததை அவர்கள் மறக்கவில்லை. கோல் தானாகவே உயர்ந்தது. "கேட்டது! கேட்டது!"

பிரபுவுக்கு இப்போது விளங்கிவிட்டது. அந்தக் குரலோடு எத்தனை காலை எழுந்திருக்கிறார்! ஆனால் தூதர்கள் பார்க்க ராணியின் பாவாடையைத் தூக்க அவரால் முடியுமா? பல்லைக் கடித்துக்கொண்டு, "மூணாவது சத்தியத்தைத் தண்ணி ஓரத்துல நின்னுதான் சொல்லணும். அதான் வழக்கம்" என்றார். அப்படி ஒரு வழக்கம் கிடையாது.

ராணி இறங்கினாள். பாவாடையும் இறங்கியது, நாலு காலில். ஒவ்வொரு படியாகக் கொந்தோரா குந்தியபடியே நகர்ந்தாள். முட்டி கல்லில் தேய்ந்தது. மனசுக்குள் அவள் திட்டியதை எழுதினால் இந்தத் தாள் கருகும். தண்ணீர் ஓரம் வந்ததும் மூச்சை இழுத்துத் தயாரானாள்.

குதிகால் தட்டியது. பிறகு இன்னொரு தட்டு.

இரண்டா? அவள் செருப்பைப் பிடித்து உலுக்கினாள். மறுபடியும் இரண்டு தட்டு, அழுத்தமாக. மேலே ஒரு சின்னக் குரல், நடுங்கி நடுங்கி: "என் வாயால் நானே ஆள்வேன். பிறர் வாயால் ஆளமாட்டேன்."

பாவாடைக்குள் இருந்தவளுக்கே பாதிதான் கேட்டது. எதிர்க்கரைக்கு ஒன்றுமே போகவில்லை. 'போச்சு' என்று கொந்தோரா கண்ணை மூடிக்கொண்டாள்.

அக்கரையில் எல்லோரும் காதைத் தீட்டினார்கள். ஒரு சின்னப் பெண் தண்ணீர் ஓரம் நின்று வாயைத் திறப்பதும் மூடுவதும் தெரிந்தது. பின்னால் இடுப்பில் கை வைத்தபடி பிரபு நிற்பதும் தெரிந்தது. ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். பெய்ரோத் மூப்பரின் போர்வையை இழுத்தான். கோல் உயர்ந்தது.

"கேட்டது!" என்றது கரை முழுவதும்.

பிரபு தண்ணீர் ஓரத்துக்கே பாய்ந்துவந்தார். "என்னடா கேட்டது? அவ என்ன சொன்னான்னு சொல்லுங்கடா பாப்போம்!" என்று கத்தினார்.

எதிர்க்கரையில் கையைக் காதில் வைத்துக்கொண்டார்கள். "கேக்கல!"

"பொய் சொல்றீங்கடா!"

"கேக்கல!"

"நான் ஆர்னோ பிரபு பேசுறேன்!"

"கேக்கவே இல்ல!"

மேற்றிராணியார் அப்போதுதான் வானத்திலிருந்து கண்ணை இறக்கினார். "மூணு தடவை ஆயிடுச்சு பிரபு" என்று பணிவாகச் சொன்னார்.

அறைக்குத் திரும்பி, பாவாடையிலிருந்து வெளியே வந்ததும் கொந்தோரா முதலில் காலை நீட்டினாள். பிறகு கேட்டாள்: "நான் நிமிஷத்துல சொல்லியிருப்பேனே மகாராணி. எதுக்கு வாயை மூடச் சொன்னீங்க?"

"அதை மட்டும் நீங்க சொன்னா பொய்யாயிடும்" என்றாள் ராணி. "மத்த ரெண்டையும் யார் சொன்னாலும் நான் செய்யலாம்."

"கேக்காமப் போயிருந்தா?"

"ஓதேயைக் கட்டிக்கிட்டிருப்பேன்" என்று சொல்லி ராணி நாற்காலியில் சரிந்தாள். "ரொம்பப் பசிக்குது கொந்தோரா அம்மா."

அன்று மாலையே பெய்ரோத் பாலம் தாண்டி வந்து கடைப் பலகையின் ஓரத்தில் உட்கார்ந்தான்.

"அது நாய்க்குச் சொன்னதா, பிரபுக்குச் சொன்னதா?"

"எது?"

"நடிக்காதடி. ஒன் தொண்டை எனக்குத் தெரியாதா?"

கொந்தோரா மீனைச் செதில் சீவிக்கொண்டே இருந்தாள். பிறகு, "கடைசிச் சத்தியம் அக்கரைக்குக் கேட்டுச்சாய்யா?" என்றாள்.

"இல்ல."

"பின்ன எதுக்குப் போர்வைய இழுத்த?"

"அந்தப் புள்ள வாயத் தொறந்தது தெரிஞ்சுது" என்றான் பெய்ரோத். "அது போதாதா?"

வல்மீராவின் ராணி பெரியவர்களை நாயே என்று திட்டுகிறாளாம் என்ற செய்தி வெளியூர்களுக்கும் போனது. பால்பல் மாப்பிள்ளையின் தாய் சம்பந்தத்தை முறித்துக்கொண்டாள். மூட்டுவாதக்காரருக்கு ஆசை இன்னும் கூடியது. கேட்டுக் கேட்டு அனுப்பினார். ராணி யோசிக்கிறேன் யோசிக்கிறேன் என்று சொல்லி, அவர் காலமாகும்வரை யோசித்தாள். ஓதே ஒரு பாற்கட்டி வியாபாரியின் மகளைக் கட்டிக்கொண்டு நிம்மதியாகப் பருத்தான். சபைக்காரர்கள் ராணி பேசத் தொடங்கினால் அவள் குரலை அமுக்க வேண்டுமென்றே இருமினார்கள். ஆனால் அவள் இருமல் முடியும்வரை காத்திருந்து, திரும்ப முதலிலிருந்து அதே குரலில் சொல்லப் பழகிக்கொண்டாள். சபை முடிய நேரமானது. இருமலும் மெல்லக் குறைந்தது.

கொந்தோராவுக்கு என்ன வேண்டும் என்று கேட்டதற்கு அந்தப் பாவாடையைக் கேட்டு வாங்கிக்கொண்டாள். துணியைத் தன் ஒரே மகளின் கல்யாணத்துக்கு உடையாகத் தைத்தாள். வளையங்களில் வலை கட்டி ஆற்றில் இறக்கி விலாங்கு பிடித்தாள். முட்டி வலி மட்டும் போகவில்லை. மழை நாட்களில் பலகைக்குப் பின்னால் உட்கார்ந்தே விற்றாள்.

அடுத்த வருஷம் பனி உருகி மந்தைகளெல்லாம் மலைக்குப் புறப்பட்டுப் போன பிறகும் பெய்ரோத் ஊரிலேயே இருந்தான். ஏன் கிளம்பவில்லை என்று கேட்டவர்களிடம் செருப்பு அறுந்துவிட்டது என்றான். தைப்பதற்குச் சந்தையில் ஆள் இருந்தது. அவன் தைக்கக் கொடுக்கவில்லை.